பள்ளிக்கூடம் எப்படி வேணும்னு கேட்டு வந்தேன்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலையில் முதலில் கிடைப்பது பதில் இல்லை, ஒரு சொம்புத் தண்ணிதான். ரேஷன் கார்டு சரிபார்க்கப் போகிறவங்க, கொசுப்புழு இருக்கான்னு தொட்டியைத் திறந்து பார்க்கப் போகிறவங்க, மகளிர் குழுவுக்கு ஆள் சேர்க்கப் போகிறவங்க எல்லாரும் இதை ஒத்துக்கொள்வீங்க. தண்ணியைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைக் கேட்காமலே "சரிக்கா, வாரேன்" என்று திரும்பியவங்க உங்களில் எத்தனை பேரோ தெரியாது. நான் அந்த ரகம்.

ஆவுடையார்கோவிலில் இருந்து மீமிசல் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் தெரு. முக்கால்வாசி வீட்டில் செம்மறி ஆடுதான் பிழைப்பு. எங்கள் பள்ளிக்கூடம் விரிசல் விட்டுப் போய் இடித்துவிட்டார்கள். பிள்ளைங்க கோயில் கொட்டகையில் உட்கார்ந்து படிக்குதுங்க. புதுசாகக் கட்டித் தர ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. அதில் கட்டடத்துக்குப் படம் போடுகிறவர் தாரணி மேடம். சென்னைக்காரர், என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும். "உங்க பள்ளிக்கூடம் எப்படி இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும். உங்களைக் கேட்டுட்டுத்தான் கட்டுவோம்" என்றார். தெருவில் எல்லா வீட்டிலும் கேட்டு வைக்க ஒரு ஆள் வேணும் என்றார். என்னைப் பிடித்தார்கள். திறமையைப் பார்த்து இல்லை. மற்றவங்க எல்லாம் ஆட்டோடு போயிருந்தாங்க, கைப்பிள்ளைக்காரி நான் மட்டும் வீட்டில் இருந்தேன்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். தம்பி பிறந்தான். இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அவன் அழுதான், வெளியே போய் நின்றேன். அப்படியே வெளியிலேயே இருந்துவிட்டேன். இப்போது என் மகள் யாழினிக்கு ஏழு வயசு, மகன் தவழ்கிறான். எங்கள் ஆட்டுக்கு இப்போது என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் போகிறார்கள். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் இல்லாமல் ஆட்டை ஓட்ட முடியாது. கோடை லீவு முடிகிற சமயம் கொழுந்தன் திருப்பூருக்குப் போகிறான். அப்புறம் நான்தான் போகணும். அங்கன்வாடி ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கிறது, தவழ்கிற பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ள மாட்டாங்க. அப்போ பயல் யாழினி இடுப்புக்குத்தான் வருவான். எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கும். மனசுக்குள் ஓடியது இது ஒன்றுதான், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. கேள்வி கேட்க வந்தவளிடம் யார் திருப்பிக் கேட்கப் போறாங்க?

முதல் வீடு

முதலில் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீடுதான், தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் வேலை என்று போய் நின்றதும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அக்கா தண்ணி கொடுத்தார். குடித்தேன். மோர் வேணுமா என்றார். வேணாம் என்றேன். சீனி தீர்ந்துபோச்சா என்றார். தலையாட்டிவிட்டு ஒரு டம்ளர் சீனியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாளும் போனேன். அதே சொம்பு, அதே தண்ணி. இந்த முறை என் புருஷனோடு சண்டையா என்று கேட்டார். அந்தப் பதற்றத்தில்தான் வார்த்தை வெளியே விழுந்தது. "இல்லக்கா, புதுப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கணும்னு கேக்கச் சொன்னாக." அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டி, இதைக் கேக்கவா நேத்துல இருந்து எங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு அலையிறே?"

வாயை அசைக்காதீங்க

தாரணி மேடத்துக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம், தெருவில் பிள்ளைங்க எத்தனை என்பது. நான் கேட்ட எந்த வீட்டிலும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆட்டை எண்ணிச் சொல்ல மாட்டோம், கண்ணு பட்டுவிடும். ஆட்டுக்கே அப்படி என்றால் பிள்ளைக்குச் சொல்வோமா? "இருக்குதுங்க", "ஒண்ணுக்கும் கொறையில்ல", "சாமி குடுத்தது இருக்கு". இதுதான் எனக்குக் கிடைத்த கணக்கு.

மேடமே நேரில் வந்தார். தெருவிலேயே பெரிய கிடை வைத்திருக்கிற சின்னையாவிடம் கேட்டார். (கிடை என்றால் ராத்திரி ஆடுகளை வயலில் மடக்கி அடைக்கிற இடம்.) "எண்ணாம எப்படிண்ணே, ஒரு ஆடு காணாமப் போனா எப்படித் தெரியும்?" என்றார் மேடம். "எது இல்லையோ அதோட மூஞ்சி இருக்காதுல்ல" என்றார் சின்னையா. மேடம், எத்தனை பேருக்குக் கட்டுவது என்று தெரியாமல் கட்ட முடியாதே என்று பாவமாகச் சொன்னார். சின்னையாவுக்கும் பாவமாகிவிட்டது. தெருப் பிள்ளைகளை எல்லாம் கொட்டகையில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எண்ணிக்கங்க தாயி, வேணாங்கலை. வாயை மட்டும் அசைக்காதீங்க."

காற்றில் நகர்ந்த கக்கூஸ்

அடுத்த முறை அட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் செய்து கொண்டுவந்தார் மேடம். வகுப்பு, சமையல்கூடம், கக்கூஸ் எல்லாம் தனித்தனியாக எடுத்து வைக்கலாம். பெண்களைக் கூட்டி, "எதை எங்கே வைக்கலாம், தொட்டுப் பாருங்க" என்றார். எல்லாரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்கள்.

டீ குடிக்க மேடம் அங்கிட்டுப் போய்த் திரும்பி வந்தால், கக்கூஸ் இடம் மாறி வகுப்புக்குப் பின்னால் இருந்தது. முதலில் அதன் கதவு கம்மாய்க்குப் போகிற பாதையைப் பார்த்து இருந்தது. அந்தப் பாதையில்தான் ஆட்டோடு ஆம்பளைங்க காலையும் மாலையும் போவாங்க. பொம்பளைப் பிள்ளை எப்படி அந்தக் கதவைத் திறந்து வெளியே வரும்? இதை யார் வாய்விட்டுச் சொல்வது? மேடம் தவறுதலாக நகர்ந்துவிட்டது என்று நினைத்து பழைய இடத்தில் வைத்தார். ஒரு போன் பேசிவிட்டுத் திரும்பினார். மறுபடியும் பின்னால் போயிருந்தது. இந்த முறை அவர் அதைத் தொடவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாருங்க நகர்த்தினது?" என்று மட்டும் கேட்டார். அஞ்சலை அக்கா மேலே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாங்க தொடலை மேடம். காத்துல நகர்ந்திருக்கும்."

ஜன்னல்

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளிடமே கேட்டார் மேடம். கூட்டம் சேர்க்கிற வேலை என்னுடையது. எங்கள் வீட்டு யாழினி மட்டும் வரவில்லை. பயலுக்குச் சளி, நான் இங்கே நிற்கிறேன், அவள் அங்கே அவனைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

பிள்ளைங்க ஊஞ்சல் கேட்டதுங்க, ஃபேன் கேட்டதுங்க, தண்ணி வருகிற குழாய் கேட்டதுங்க. எல்லாரும் சேர்ந்து கேட்டது, ஜன்னல் தாழ்வாக இருக்கணும் என்று. உட்கார்ந்தபடியே அவங்கவங்க வீட்டு ஆடு போகிறதைப் பார்க்கணுமாம். வாத்தியாரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் தாழ்வாக இருந்தால் பூராப் பேரும் வெளியே வேடிக்கை பார்ப்பீங்க, பாடத்தை யார் கவனிக்கிறது என்றார். மூணாம் வகுப்பு சுபா எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"ஜன்னல் இல்லாதப்பவும் நாங்க கவனிக்கலையே டீச்சர்."

சோற்றுத் தட்டு

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆட்டோடு பேசியே அவருக்குப் போதுமாகிவிடும். சாயங்காலம் ஆட்டை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால், அன்றைக்கு யார் என்ன கேட்டாங்க என்று நான் சொல்வேன். குழாய், ஊஞ்சல், காற்றில் நகர்ந்த கக்கூஸ் எல்லாம் கேட்டுச் சிரிப்பார். வெளியே வாய் வராத எனக்கு அவரிடம் மட்டும் நிறைய வரும்.

அன்றைக்கு யாழினி தம்பியை மடியில் போட்டுக்கொண்டு பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் பென்சிலைப் பிடுங்கி வாயில் வைத்தான். அவள் அதை வாங்கித் துடைத்து எழுதினாள். அவன் மறுபடி பிடுங்கினான். நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். "தம்பி ஊருக்குப் போன பொறவு கஷ்டந்தான்" என்றார், அவர் தம்பியைச் சொல்லி. நான் ரசம் ஊற்றினேன். கொஞ்ச நேரம் பிசைந்தார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏபுள்ள, ஊரு பூராவும் கேட்டதச் சொல்லிட்ட. நீ என்ன கேட்டேன்னு சொல்லவே இல்லையே?"

ஒரே வாசல்

கடைசியாக ஒரு நாள், நிஜமான அளவில் தரையிலேயே பள்ளிக்கூடத்தைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் மேடம். எல்லாரும் ஆட்டைச் சீக்கிரமே மடக்கிவிட்டு வந்தார்கள். கம்பு, கயிறு, சுண்ணாம்புத் தூள் எல்லாம் தயார். மேடத்தோடு இன்ஜினியர் சாரும் வந்திருந்தார். ஆம்பளைங்க இறங்கிவிட்டாங்க. கம்பு நட்டுக் கயிறு கட்டுவது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டாம், கிடைக்கு தினமும் செய்கிற வேலைதானே. தண்ணி நிற்காத மேட்டைப் பார்த்துப் போட்டார்கள். வாடைக் காற்றுக்கு முதுகைக் காட்டிப் போட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் வகுப்பு எழும்பி நின்றது.

ஒரே ஒரு குறை. உள்ளே போக ஒரே ஒரு சந்துதான் விட்டிருந்தார்கள், அதுவும் ஒரு ஆடு நுழைகிற அகலத்துக்கு. இன்ஜினியர் சார் தலையில் கை வைத்தார். அவசரத்துக்கு வெளியே ஓட ரெண்டு வாசல் இருக்கணும், அகலமாக இருக்கணும், அது சட்டம் என்று விளக்கினார். சின்னையா விடவில்லை. ஒண்ணு ஒண்ணாக நுழைந்தால்தான் எந்த மூஞ்சி வரலை என்று தெரியும் என்றார். வாக்குவாதம் பெரிதாகி, ஒரு வழியாக அகலத்துக்குச் சம்மதித்தார். ரெண்டாவது வாசலுக்கு மட்டும் மனசே வரவில்லை.

"ரெண்டு வாசல் வச்சா ஒண்ணுல வந்து ஒண்ணுல போயிருவானுங்க சார். நான் அப்படித்தான் போனேன்."

விட்டுப்போனது

ரெண்டு வாசலும் வைத்து முடித்ததும், பிள்ளைகளைக் கயிற்றுக்குள் உட்கார வைத்து இடம் பத்துமா என்று பார்த்தார்கள். யாழினி முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். முகத்தைப் பார்க்கணுமே, நிஜப் பள்ளிக்கூடமே வந்துவிட்ட மாதிரி. "எல்லாம் சரியா? எதுவும் விட்டுப்போச்சா?" என்று மேடம் கேட்டார். "திருப்திங்க" என்றார் சின்னையா. அப்போது என் இடுப்பில் இருந்த பயல் அக்காவைப் பார்த்து அழ ஆரம்பித்தான். அவ்வளவுதான். யாரும் கூப்பிடாமலே யாழினி எழுந்தாள். கயிற்றைத் தாண்டி வந்தாள். தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டாள். அங்கே ஒருத்தருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

பேசலாம் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. திரும்பி விறுவிறுவென்று எங்கள் கிடைக்கு நடந்தேன். ஆடு மேயப் போகும்போது நடக்க முடியாத குட்டிகளைக் கிடையிலேயே ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டுவிட்டுப் போவோம். குட்டிக்கூடு என்போம். அதை இழுத்துக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க, வகுப்புக் கயிற்றை ஒட்டி வைத்தேன். "ஏத்தா, பள்ளிக்கூடத்துல குட்டி அடைக்கப் போறியா?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது.

மேடம் சிரிக்கவில்லை. "இது எதுக்கு செல்வி?" என்றார். நான் யாழினியைக் கை காட்டினேன். "கைப்பிள்ளைக்கு" என்ற ஒரு வார்த்தை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தேவையும் படவில்லை. சிரிப்பு நின்றுபோனது. அப்போதுதான் மற்ற பெண்களும் தங்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தாங்க. இடுப்பில் தம்பியோ தங்கச்சியோ இருந்த பொம்பளைப் பிள்ளைங்க எல்லாம் கயிற்றுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்ததுங்க. குட்டிக்கூட்டைக் கண்ணெடுக்காமல் பார்த்த சின்னையா தன் தலையிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

"குட்டிக்கூட்டை விட்டுப்புட்டுக் கிடையை முடிச்சுட்டமேடா! வெளிய சொன்னா எவனாச்சும் நம்மள ஆட்டுக்காரன்னு சொல்லுவானா?"

ஸ்டோர் ரூம்

இன்ஜினியர் சார் நல்லவர்தான். ஆனால் அவர் கையில் இருந்த படத்தில் வகுப்பு இருந்தது, சமையல்கூடம் இருந்தது, ஸ்டோர் ரூம் இருந்தது, கைப்பிள்ளைக்கு இடம் இல்லை. புதுசாக ஒரு ரூம் சேர்க்க வழியில்லை என்றார். அப்படியே சேர்த்தாலும் யார் பார்த்துக்கொள்வது என்றார். "எனக்கு மூட்டு வலி, ஆட்டுக்குப் பின்னாடி ஓட முடியலை. நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காரவா முடியாது? மத்தவளுகளும் முறை வச்சு வரட்டும்" என்று அஞ்சலை அக்கா முந்திக்கொண்டார்.

மேடம் படத்தைத் தரையில் விரித்துக் குனிந்து பார்த்தார். ஸ்டோர் ரூம் வகுப்பை ஒட்டித்தான் இருந்தது. அதைக் கைப்பிள்ளைகளுக்குக் கொடுத்து, நடுச்சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் என்ன என்றார். அக்கா உள்ளே, தம்பி பக்கத்தில். சார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஸ்டோரை எங்கே வைக்கிறது மேடம்?" என்றார். அதுவரை ஓரமாக நின்ற வாத்தியாரம்மா அப்போதுதான் பேசினார்:

"அதுல வைக்க எங்ககிட்ட என்ன சார் இருக்கு?"

நடுச்சுவர்

இப்போது சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. கக்கூஸ் வகுப்புக்குப் பின்னால்தான். வாசல் ரெண்டுதான், சின்னையா ரெண்டாவதை இன்னும் முறைத்துக்கொண்டுதான் போகிறார். கொழுந்தன் கிளம்புவதற்குள் கூரை போட்டுவிடுவோம் என்கிறார் கொத்தனார். என்னைப் பார்த்தால் யாரும் இப்போது சீனி வேணுமா என்று கேட்பதில்லை.

போன வாரம் கொத்தனார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நடுச்சுவர் ஜன்னலை எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டார். தாழ்வாக வைங்க, உட்கார்ந்தால் தம்பி தெரியணும் என்று நான் பட்டென்று சொன்னேன். எனக்கே ஆச்சரியம், தண்ணி கூடக் குடிக்காமல் பதில் வந்துவிட்டது. சரிபார்ப்பதற்கு யாழினியை இங்கிட்டு ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார வைத்தார். பயலை அங்கிட்டு அஞ்சலை அக்கா மடியில் வைத்தோம். ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்ததும் அவன் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். யாழினி பழக்கத்தில் பாதி எழுந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, திரும்ப உட்கார்ந்து, குனிந்து தலையை ஜன்னலுக்குக் கீழே மறைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுது பார்த்துவிட்டு அவன் அஞ்சலை அக்காவின் தாலிக்கயிற்றை இழுத்து விளையாட ஆரம்பித்தான். செங்கலைக் கட்டிப்பிடித்தபடி, தம்பிக்குக் கேட்காமல் மெதுவாகக் கொத்தனாரிடம் சொன்னாள் என் மகள்:

"மாமா, ஒசத்தி வைங்க. அவன் சத்தம் எனக்குக் கேட்டாப் போதும். என்னையப் பாத்தா விட மாட்டான், நான் படிக்கணும்."

தெரு முழுக்க ஏறி இறங்கி அத்தனை பேரையும் கேட்ட நான், முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டல்லவா கேட்கப் போயிருக்கிறேன்.